சொன்ன தேதிக்குக் கிடைக்கிறதா? சின்னக் கடையில் சேவைத் தரத்தை அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை முனிச்சாலைப் பக்கம் என் அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். நான்கு மெஷின், ஒரு கட்டிங் டேபிள், வீட்டில் இருந்தபடியே எம்மிங் செய்து ஹூக் கட்டிக் கொடுக்கும் இரண்டு பெண்கள். பெரும்பாலும் ப்ளவுஸ், சுடிதார், ஜூன் மாதம் வந்தால் பள்ளி யூனிஃபார்ம். நான் எம்.காம். படித்தபோது சேவைத் தரம் பற்றி ப்ராஜெக்ட் எடுத்தேன். பாடப்புத்தகத்தில் இருந்த 22 வாக்கியங்களை அப்படியே தமிழாக்கி, கடைக்கு வந்தவர்களிடம் கொடுத்து நிரப்பித் தரச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஐந்துக்கு ஐந்து. அடுத்த சித்திரைத் திருவிழா நெருங்கியபோது, அன்று சிரித்துக்கொண்டே டிக் அடித்துக் கொடுத்தவர்களில் பலர் இரண்டு தெரு தள்ளி வேறு கடையில் துணி கொடுத்திருந்தது அக்காவுக்குத் தெரிந்தது.

தாள் பொய் சொல்லவில்லை. நான்தான் தவறான இடத்தில் தொடங்கியிருந்தேன். நம் ஊரில் மனம் நொந்த வாடிக்கையாளர் பெரும்பாலும் சண்டை போடுவதில்லை. "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போவார். அடுத்த துணி வேறு கடைக்குப் போகும். முகத்துக்கு நேரே குறை சொல்வது அவருக்குச் சங்கடம், அதுவும் தினம் தெருவில் பார்க்கிற ஆளிடம். ஆகவே கேள்வித்தாளுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. கடை என்ன வாக்குக் கொடுத்தது, என்ன நடந்தது என்பதில்தான் ஆராய்ச்சியைத் தொடங்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகும்.

எம்.பி.ஏ., எம்.காம். மாணவர்களுக்கும், மெஸ், டூவீலர் ஒர்க்‌ஷாப், சலூன், ஜெராக்ஸ் கடை நடத்துபவர்களுக்கும் இது பயன்படும். நான் தையல் கடையையே உதாரணமாகச் சொல்கிறேன், உங்கள் தொழிலை அந்த இடத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில் கொஞ்சம் பின்னணி

சேவைத் தரத்தை அளக்கும் முறைகளில் அதிகம் பேசப்படுவது சர்வ்குவால். வலேரி ஸைத்தமல், லெனார்ட் பெர்ரி, சென்னை ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்கா சென்ற ஏ. பரசுராமன் ஆகிய மூவரும் உருவாக்கியது. 1985-இல் அவர்கள் வெளியிட்ட முதல் ஆய்வு வங்கி, கிரெடிட் கார்டு, பங்குத் தரகு, பொருள்களைப் பழுதுபார்க்கும் சேவை என்ற நான்கு தொழில்களைப் பார்த்தது. எடுத்தவுடனே கேள்வித்தாளைத் தயாரித்துவிடவில்லை. நிறுவன அதிகாரிகளிடமும் வாடிக்கையாளர் குழுக்களிடமும் உட்கார்ந்து பேசினார்கள். 22 வாக்கியங்கள் கொண்ட தாள் வந்தது 1988-இல். நம் மாணவர்கள் பேச்சை விட்டுவிட்டுத் தாளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நானும் அதைத்தான் செய்தேன்.

அந்தத் தாள் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறார்களா, கேட்டவுடன் கவனிக்கிறார்களா, வேலை தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கை வருகிறதா, நம்மை ஆளாக மதித்துப் பேசுகிறார்களா, கடையும் பொருளும் பார்க்க எப்படி இருக்கின்றன. நூறு புள்ளியை இந்த ஐந்துக்கும் பிரித்துக் கொடுக்கச் சொன்னபோது, அவர்களுடைய ஆய்வில் வாடிக்கையாளர்கள் சராசரியாக 32 புள்ளியை முதலாவதுக்கும் 11 புள்ளியைக் கடைசிக்கும் கொடுத்தார்கள். கண்ணாடிக் கதவும் ஏசியும் போடுவதற்கு முன்னால் இந்த இரண்டு எண்களையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"என் கடையின் சேவைத் தரம் எப்படி?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. "ஒரு தடவை ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தவர்கள் அடுத்த தடவை ஏன் வருவதில்லை?" என்பதற்குக் கிடைக்கும். ஒரே ஒரு வேலை, ஒரே வகை வாடிக்கையாளர், ஒரு கால அளவு. அவ்வளவு போதும்.

படி 2: வாக்கு நோட்டு

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம்.

தையல் கடை பில் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அளவு, துணி கொடுத்த தேதி, டெலிவரி தேதி, அட்வான்ஸ், ஓரத்தில் ஸ்டேப்ளர் போட்டு ஒரு துண்டுத் துணி. ஆராய்ச்சிக்கு வேண்டியதில் பாதி ஏற்கெனவே அதில் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். துணி உண்மையில் எந்தத் தேதியில் தயாரானது என்பதை யாரும் எழுதுவதில்லை. வாங்கிக்கொண்டு போனதும் பில்லில் ஒரு கோடு அடித்துவிடுவார்கள், கதை முடிந்தது.

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி நான்கு வாரத்துக்கு இவற்றை எழுதுங்கள்: பில் எண், சொன்ன தேதி, தயாரான தேதி, வாடிக்கையாளர் எத்தனை தடவை வந்து போனார், பிரித்துத் தைக்கத் திரும்பி வந்ததா, தாமதம் என்றால் ஒரே வார்த்தையில் காரணம். காரணத்தை அன்றன்றே எழுத வேண்டும். வாரக் கடைசியில் நினைவில் இருந்து எழுதினால் எல்லாவற்றுக்கும் "கரண்ட் இல்லை" என்றுதான் வரும்.

எத்தனை தடவை வந்தார் என்ற பத்தியை விட்டுவிடாதீர்கள். சிலைமானில் இருந்தோ திருப்புவனத்தில் இருந்தோ ஒரு பெண் வருகிறார் என்று வையுங்கள். 2021-இல் இருந்து அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் "சும்மாதானே வந்துட்டுப் போறாங்க" என்று கடைக்காரருக்குத் தோன்றலாம். அவருக்குப் போனது அரை நாள். வீட்டு வேலையை ஒதுக்கிவைத்து, பிள்ளை பள்ளி விட்டு வருவதற்குள் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டு வந்திருப்பார். "நாளைக்கு வாங்கக்கா" என்ற ஒரு சொல் அந்த அரை நாளை இன்னொரு தடவை கேட்கிறது. இந்தச் செலவு எந்தப் பில்லிலும் ஏறாது. நோட்டில் ஏற்றினால்தான் கண்ணில் படும்.

மாதக் கடைசியில் இரண்டு எண் எடுங்கள். உதாரணத்துக்கு 40 பில்லில் 22 மட்டும் சொன்ன தேதிக்குத் தயார் என்றால் 55 சதவீதம். 40-இல் 6 பிரித்துத் தைக்க வந்தது என்றால் 15 சதவீதம். யாரிடமும் எதையும் கேட்காமலே இவ்வளவு தெரிந்துவிட்டது.

மெஸ் என்றால் ஆர்டர் கொடுத்து எத்தனை நிமிடத்தில் இலைக்கு வந்தது, மெனுப் பலகையில் இருந்து கேட்டபோது இல்லாமல் போனது எத்தனை. ஒர்க்‌ஷாப் என்றால் சாயங்காலம் என்று சொன்ன வண்டி எப்போது தயாரானது, முதலில் சொன்ன தொகைக்கும் கடைசிப் பில்லுக்கும் எவ்வளவு வித்தியாசம்.

படி 3: வராதவர்களைத் தேடிப் போங்கள்

கடையில் நிற்பவரிடம் கேட்டால் இருப்பவர்களின் கருத்துதான் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது போனவர்களின் கதை. போன வருடத்து பில் புத்தகத்தில், ஒரு தடவை வந்து அப்புறம் வராத பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு பேரிடம் பேசினால் போதும். சொன்னதே திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தால் நிறுத்தலாம்.

கடை முதலாளி போகக் கூடாது. கடையில் வேலை பார்ப்பவரும் போகக் கூடாது. போனில் பேசுவதை விட வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுவது நல்லது. "ஏன் வருவதில்லை?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அது குற்றம் சாட்டுவது போல இருக்கும். "கடைசியா அங்க துணி குடுத்தப்ப என்ன நடந்துச்சு, மொதல்ல இருந்து சொல்லுங்கக்கா" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நடந்த சம்பவத்தைச் சொல்ல வைத்து அதில் இருந்து காரணத்தைப் பிரித்தெடுக்கும் இந்த முறையை உளவியலாளர் ஜான் ஃப்ளனகன் 1954-இல் எழுதிவைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப் படைக்காகச் செய்த ஆய்வுகளில் இருந்து பிறந்தது. தையல் கடைக்கும் அப்படியே பொருந்துகிறது.

இரண்டாவது முறை அக்கா கடையை ஆராய்ந்தபோது அனுப்பானடியில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். "நல்லாத் தைப்பாங்க தம்பி, அதுல குறை சொல்ல முடியாது" என்றுதான் ஆரம்பித்தார். காபி கொடுத்தார். கொஞ்ச நேரம் மகள் படிப்பைப் பற்றிப் பேசினோம். அப்புறம்தான் சொன்னார். அண்ணன் மகள் சடங்குக்கு ப்ளவுஸ் தைக்கக் கொடுத்திருந்தாராம். புதன்கிழமை என்று சொன்னது வெள்ளி ராத்திரி ஒன்பது மணிக்குக் கைக்கு வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் ஹூக் கட்டவே இல்லை. மறுநாள் விசேஷம் முழுக்க நான்கு ஊக்குக் குத்திக்கொண்டு, கையைத் தூக்காமல் நின்றிருக்கிறார். "சீர்த்தட்டு தூக்கக் கூப்பிட்டாங்க. நான் பின்னாடியே நின்னுட்டேன்" என்றார். அந்த அம்மாவிடம் தாள் கொடுத்திருந்தால் தையல் நேர்த்திக்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பார். அந்த மதிப்பெண்ணும் உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

நம் ஊரிலேயே இதற்குப் பெரிய முன்மாதிரி உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் வந்து படிக்கிற இடம். 1993-லேயே ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் அதைப் பாடமாக எழுதிவிட்டது. அறுவை சிகிச்சை இலவசம் என்று சொல்லியும் கிராமத்து முதியவர்கள் பலர் வரவில்லை. ஏன் என்று போய்க் கேட்டபோது பஸ் செலவு, சாப்பாடு, கூட வர ஆள் இல்லாதது, போகிற ஒரு நாள் கூலி என்று பதில் வந்தது. முகாமில் இருந்து பஸ்ஸில் கூட்டி வருவது, தங்க இடம், சாப்பாடு எல்லாம் சேவைக்குள்ளேயே சேர்ந்தன. வந்தவர்களிடம் மட்டும் கேட்டிருந்தால் இந்தப் பதில் கிடைத்திருக்காது.

படி 4: இப்போது கேள்விகள்

பன்னிரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். படி 3-இல் மக்கள் சொன்ன வார்த்தைகளாலேயே எழுதுங்கள். "நிறுவனத்தின் நம்பகத்தன்மை திருப்திகரமாக உள்ளது" என்று யாரும் பேசுவதில்லை. "சொன்ன தேதிக்குத் துணி கிடைச்சுச்சா?" என்றுதான் பேசுவார்கள். ஐந்து விஷயத்துக்கும் இரண்டிரண்டு கேள்வி இருக்கட்டும். உதாரணத்துக்குச் சில:

"எத்தனை தடவை நடந்தீங்க?" "அவசரம்னு கேட்டப்ப என்ன சொன்னாங்க?" "உங்க உடம்புக்கு இந்த மாடல் சரிவராதுன்னா முன்னாடியே சொன்னாங்களா?" "அளவு எடுக்கும்போது சங்கடமில்லாம இருந்துச்சா?" "துணி மடிச்சுக் குடுத்த விதம் எப்படி?"

அளவு எடுப்பது பற்றிய கேள்வியை நான் அழுத்திச் சொல்வேன். திரை இல்லாத கடையில், ரோட்டைப் பார்த்து நின்று அளவு கொடுப்பது பெண்களுக்கு எவ்வளவு கூச்சம் என்பது, நான் பேசியவர்களில் பாதிப் பேர் தாமாகச் சொன்னது. பாடப்புத்தகத் தாளில் அதற்கு ஒரு வரி கூட இல்லை.

ஒரே கேள்விக்குள் இரண்டு விஷயத்தைத் திணிக்காதீர்கள். "வேகமாகவும் நேர்த்தியாகவும் தைத்தார்களா?" என்றால், வேகமாகத் தைத்து நேர்த்தி இல்லாதவருக்கு என்ன பதில்?

மதிப்பெண்ணுக்கு ஒன்று முதல் ஏழு வரையிலான அளவுகோல் நம்மிடம் சரியாக வேலை செய்வதில்லை. நான்குக்கும் ஐந்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். பள்ளிக்கூட மார்க் எல்லோருக்கும் தெரியும். "நூத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க? 35 எடுத்தா பாஸ்" என்று சொன்னால் படிக்காத பாட்டி கூட யோசித்து எண் சொல்கிறார். "40 போடு, பாஸ் பண்ணிட்டுப் போகட்டும்" என்று ஒருவர் சொன்னதில், ஐந்தாம் கட்டத்தில் விழுந்த டிக்கை விட அதிகச் செய்தி இருந்தது.

எழுதி முடித்ததும் ஐந்து பேரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். "என்ன கேக்குறாங்கன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். தடுமாறுகிற கேள்வியை மாற்றி எழுதுங்கள்.

படி 5: எத்தனை பேர், யார், எப்போது

மாணவர்கள் 384 என்ற எண்ணைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மிகப் பெரிய கூட்டத்தில், 95 சதவீத உறுதியோடு, விடை ஐந்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றால் வேண்டிய எண்ணிக்கை அது. கடையின் மொத்த வாடிக்கையாளர் 300 பேர்தான் என்றால் 169 பேர் போதும். 100 பேரிடம் கேட்டால் பிழை ஏறக்குறைய பத்து சதவீதம். எந்தக் குறையை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுக்கும் கடைக்காரருக்கு 50 பேர் தாராளம்.

எண்ணிக்கையை விட ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதம் முக்கியம். அந்த 384 கணக்கே குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்தால்தான் செல்லும். பில் எண்ணைப் பார்த்து ஐந்தில் ஒருவர் என்று எடுங்கள். தெரிந்த முகத்தைக் கூப்பிட்டு நிரப்பினால் ஆயிரம் பேர் சேர்த்தாலும் பயன் இல்லை.

காலம் பார்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை இருக்காது, கடை நிதானமாக இருக்கும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் சித்திரைத் திருவிழாவை ஒட்டிய நாட்களும் வேறு உலகம். ஆடி மாதத்தில் மட்டும் அளந்துவிட்டுக் கடை அருமை என்று எழுதினால், அது ஆடி மாதத்துக் கடை மட்டும்தான்.

படி 6: கேட்கும் விதம்

தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லாமல் வாயால் கேட்டு நீங்கள் எழுதுங்கள். யார் என்று சொல்லுங்கள், பெயர் எழுத மாட்டேன் என்று சொல்லுங்கள், அதன்படியே எழுதாதீர்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். போன் நம்பரைக் கடையின் வாட்ஸ்அப் பட்டியலில் சேர்ப்பது நம்பிக்கைத் துரோகம்.

ஐந்து விஷயத்தில் எது முக்கியம் என்று கேட்க நான் கண்ட நல்ல வழி பட்டன். ஐந்து டம்ளர் வையுங்கள், ஒவ்வொன்றின் முன்னால் ஒரு விஷயம் எழுதிய அட்டை, படிக்காதவருக்குப் படித்துக் காட்டுங்கள். கையில் 20 பட்டன் கொடுத்து "எது உங்களுக்கு முக்கியமோ அதுல நிறைய போடுங்க" என்று சொல்லுங்கள். பேச்சில் எல்லாமே முக்கியம் என்பவர், பட்டன் கையில் இருந்தால் யோசிப்பார். ஒரு டம்ளரில் இருந்து எடுத்து இன்னொன்றில் மாற்றிப் போடுவார். அந்தத் தயக்கத்தையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: கணக்கு

எக்செல் தெரியாவிட்டால் நோட்டே போதும். ஒவ்வொரு விஷயத்துக்கும், நூறில் இருந்து சராசரி மார்க்கைக் கழித்து, சராசரி பட்டனால் பெருக்குங்கள். "சொன்ன தேதி" 45 மார்க், 8 பட்டன் என்றால் 55 பெருக்கல் 8, அதாவது 440. "கடை அழகு" 60 மார்க், 2 பட்டன் என்றால் 40 பெருக்கல் 2, அதாவது 80. பெரிய எண் எதுவோ அதில் கை வையுங்கள்.

சராசரியை மட்டும் நம்பாதீர்கள். பாதிப் பேர் 95, பாதிப் பேர் 45 போட்டாலும் சராசரி 70 வரும், அந்த 70-ஐப் போட்டவர் ஒருவர் கூட இருக்க மாட்டார். மிகக் குறைந்த மார்க் போட்ட பத்துப் பேரைத் தனியாக எடுத்து, அவர்களுக்குள் என்ன ஒற்றுமை என்று பாருங்கள். எல்லோரும் சனிக்கிழமை வந்தவர்களா? எல்லோரும் லைனிங் ப்ளவுஸ் கொடுத்தவர்களா?

படி 8: ஓட்டை எங்கே?

பரசுராமன் குழு 1985-இல் சொன்ன இடைவெளிகள் இங்கே உதவும். வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது முதலாளிக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் அதற்கு ஒரு விதி வைக்காமல் இருக்கலாம். விதி இருந்தும் வேலையில் நடக்காமல் போகலாம். அல்லது முடியாததை வாய் வாக்குக் கொடுத்திருக்கலாம். இந்த நான்கும் சேர்ந்துதான் வாடிக்கையாளர் மனதில் ஐந்தாவது இடைவெளியாக நிற்கிறது. நான் பார்த்த சின்னக் கடைகளில் பெரும்பாலும் நான்காவதுதான். வந்தவரைத் திருப்பி அனுப்ப மனம் வராமல் "அஞ்சு நாள்ல வாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அந்த ஐந்து நாள் எங்கிருந்து வந்தது என்று அக்காவிடம் கேட்டேன். "எல்லாருக்கும் அதான் சொல்றது தம்பி" என்றார். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது, கணக்கு மிக எளிது. கையில் இருக்கும் வேலையை ஒரு நாளில் முடியும் வேலையால் வகுத்தால் காத்திருக்கும் நாள் கிடைக்கும். கடையில் 84 உருப்படி நிற்கிறது, நாளுக்கு 7 முடிகிறது என்றால் இன்று வரும் துணிக்கு 12 நாள் ஆகும். ஐந்து நாள் என்று சொன்னால், இவருக்கு முன்னால் கொடுத்த யாரோ ஒருவருடைய துணி பின்னால் போகிறது. ஊக்குக் குத்திக்கொண்டு நின்ற அம்மாவின் துணியும் அப்படிப் பின்னால் தள்ளப்பட்டதுதான்.

அவசர வேலை எல்லாத் தொழிலிலும் வரும். அதற்கு நாளுக்கு ஒரு உருப்படி என்று ஒதுக்கி, கூடுதல் கூலி வாங்குங்கள். மற்றவர்களுக்கு 84-ஐ 6-ஆல் வகுத்து 14 நாள் சொல்லுங்கள். புது மெஷினுக்குக் கடன் கேட்கப் போவதற்கு முன்னால், வேலை எந்த இடத்தில் தேங்குகிறது என்று வாக்கு நோட்டில் பாருங்கள். கட்டிங் டேபிளில் தேங்கினால் ஐந்தாவது மெஷினால் ஒன்றும் ஆகாது. அக்கா கடையில் ஹூக், எம்மிங் வேலைதான் தேங்கியது. கூட ஒரு பெண்ணுக்கு வேலை கொடுத்தோம்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து நான்கு வாரம் விடுங்கள். அப்புறம் அதே நோட்டு, அதே பத்திகள். மூன்று மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எதனால் சரியானது என்று தெரியாது.

மாணவர்களுக்குத் தனியாக

சர்வ்குவாலில் உள்ளபடி எதிர்பார்ப்பையும் அனுபவத்தையும் தனித்தனியாகக் கேட்டால் எதிர்பார்ப்பு எல்லாமே உச்சத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அனுபவத்தை மட்டும் கேட்கும் சர்வ்பெர்ஃப் முறையை க்ரோனினும் டெய்லரும் 1992-இல் முன்வைத்தார்கள். நம் களத்துக்கு அது வசதி. க்ரோன்பாக் ஆல்ஃபா 0.7-க்கு மேல் வந்தால் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று கொள்ளலாம், ஆனால் ஒவ்வொருவரும் யோசிக்காமல் எல்லாக் கேள்விக்கும் தம்முடைய ஒரே மார்க்கைப் போட்டுக்கொண்டே போனாலும் அந்த எண் உயரும். ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து தாளை நிரப்பும் வழக்கம் இருப்பது எனக்குத் தெரியும். தயவுசெய்து செய்யாதீர்கள். முப்பது பேரிடம் உண்மையாகக் கேட்டு, முப்பதுதான் என்று எழுதுங்கள். அறிக்கை முடிந்ததும் கண்டதை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, கடைக்காரரிடம் போய்ப் படித்துக் காட்டுங்கள். நேரம் கொடுத்தவர் அவர்.

அக்கா இப்போது கட்டிங் டேபிளுக்கு மேலே ஒரு சிலேட்டு மாட்டியிருக்கிறார். காலையில் கடை திறந்ததும் நிற்கும் உருப்படியை எண்ணி, அன்றைக்குக் கொடுக்கக்கூடிய தேதியைச் சாக்பீஸால் எழுதுகிறார். துணி கொண்டு வருபவர் சிலேட்டைப் பார்க்கிறார், பெரும்பாலும் கொடுத்துவிட்டுப் போகிறார். முடியாது என்று துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நோட்டில் தனியாக ஒரு பத்தி போட்டிருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில் அந்தக் கோடுகள் எத்தனை சேர்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் இன்னொரு டெய்லரைச் சேர்ப்பதா என்று முடிவு செய்யப் போகிறோம்.